இலங்கை ஈ.டி.ஏ சேவை: மலையகத்தில் விருந்தாளிக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு மதிப்பீடு

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையவழிப் பயண அனுமதிக்கு, அதாவது எல்லோரும் ஈ.டி.ஏ என்று சொல்லும் சேவைக்கு, ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறோம். படிவம் சின்னது, பதில் சீக்கிரம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரியிலும் விண்ணப்பிக்கலாம். ஒன்றரைப் புள்ளியைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஓர் எழுத்துத் தவறினால் அதைத் திருத்த நேரான வழி இல்லை. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன; அந்த மாற்றம் சாதாரண ஆளின் காதுக்கு வந்து சேர்வதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடுகிறது.

மலையகத்தில் இந்தச் சேவை எல்ல, நுவரெலியாப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் திருச்சிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டு. ஆனால் தாத்தா பிறந்த லயன், அதாவது தோட்டத்து வரிசை வீடு, ஹட்டனுக்கு மேலே இருக்கிறது. இன்னொரு பக்கம் லண்டனுக்கும் பாரிஸுக்கும் டொரொண்டோவுக்கும் போய் அந்தந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ இவர்கள் வரும்போது படிவம் நிரப்பும் வேலை பெரும்பாலும் இங்கே இருப்பவர் தலையில்தான் விழும். “மாமா, பாஸ்போட்டு படத்த வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன், நீங்களே போட்டுருங்க” என்று ஒரு செய்தி வரும். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். “விசா வேண்டாம்” என்பதும் “ஒன்றுமே வேண்டாம்” என்பதும் ஒன்றல்ல. தூதரகத்துக்குப் போய், கைரேகை வைத்து, நேர்முகம் கொடுத்து வாங்குவது விசா. அந்தப் பாட்டிலிருந்து சில நாட்டவருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் விமானம் ஏறும் முன் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் மட்டும் சரிபார்த்துக்கொள்வது மின்னணுப் பயண அனுமதி. ஆஸ்திரேலியா 1996இல் இதைத் தொடங்கியது. அமெரிக்கா 2009 ஜனவரியில் எஸ்டா என்ற பெயரில் கட்டாயமாக்கியது. இலங்கை 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இலங்கையின் ஈ.டி.ஏ கொஞ்சம் வேறு மாதிரி: பெரும்பாலான நாட்டவருக்கு அதுவே குறுகிய கால விசாவின் இடத்தில் நிற்கிறது. சிங்கப்பூர், மாலைதீவு, சீஷெல்ஸ் நாட்டவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை.

இங்கே இன்னொரு சொல்லும் ஆளை ஏமாற்றும்: “இலவச விசா”. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய ஏழு நாடுகளுக்கு 2023இன் கடைசியில் கட்டண விலக்கு வந்தபோது, “இந்தியாக்காரங்களுக்கு இனி ஒன்னும் வேணாம்” என்றுதான் தோட்டமெல்லாம் பேச்சு. விலக்குக் கிடைத்தது பணத்துக்குத்தான், படிவத்துக்கு அல்ல. இனிமேலும் எந்த நாட்டுக்கு எந்த விலக்கு அறிவிக்கப்பட்டாலும் செய்தித்தாள் தலைப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். படிவத்தை நிரப்பி, பணம் கட்டும் பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் வரும் தொகைதான் அன்றைய விலை. வழக்கமான கட்டணம் 30 நாள் சுற்றுலா அனுமதிக்கு, இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கு 20 டொலர், மற்றவர்களுக்கு 50 டொலர். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு எடுப்பதானால் 25, 60 என்று ஏறும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பணம் இல்லை, ஆனால் படிவம் உண்டு. அம்மாவின் படிவத்தோடு கைக்குழந்தையும் சேர்ந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் ஒவ்வோர் அனுமதி.

சரியான வாசல் எது?

திணைக்களத்தின் தளம் ஈ.டி.ஏ டொட் கவ் டொட் எல்.கே. முகவரியில் “கவ் டொட் எல்.கே” என்ற கடைசித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், அந்தத் துண்டு இல்லாமல் கூடுதலாகச் சொற்களைக் கோத்து “ஸ்ரீலங்கா”, “விசா”, “ஒன்லைன்” என்று அலங்கரித்த தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், ஏனென்றால் அவை விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருக்கின்றன. அவற்றில் பல அதே படிவத்தை வாங்கி, அதே அரசுத் தளத்தில் தட்டச்சுச் செய்து, இடையில் தங்கள் கூலியைச் சேர்த்துக்கொள்கின்றன. பணம் அதிகமாகப் போவது ஒரு நட்டம். கடவுச்சீட்டுப் படமும் அட்டை எண்ணும் யார் கையிலோ போவது அதைவிடப் பெரிய நட்டம்.

2024இல் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் ஈ.டி.ஏயை நிறுத்திவிட்டு, வெளிநிறுவனக் கூட்டொன்றின் வழியாக வேறொரு இ-விசா முறையைக் கொண்டுவந்தார்கள். சேவைக் கட்டணங்களும் சேர்ந்து ஒரு சுற்றுலாப் பயணிக்கு நூறு டொலருக்கு மேல் போனது. எதிர்ப்பு வந்தது, வழக்குகள் போனது, ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, செப்டம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ தளம் திரும்பி வந்தது. அந்த ஐந்து மாதக் குழப்பத்தின் எச்சம் இன்னும் போகவில்லை. அப்போது எழுதப்பட்ட பயணக் குறிப்புகளும் அவற்றில் கொடுத்த முகவரிகளும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. லண்டனில் இருக்கும் அக்கா மகன் அவற்றைத்தான் முதலில் கண்டெடுப்பான். ஆகவே இணைப்பை நீங்களே அனுப்பிவிடுங்கள், தேட விடாதீர்கள்.

படிவம்

தளத்தில் தனியாள், குழு, மூன்றாம் தரப்பு என்று வழிகள் பிரிந்திருக்கும். வருகிறவர் தானே நிரப்பினால் தனியாள். நீங்கள் இங்கிருந்து அவருக்காக நிரப்பினால் மூன்றாம் தரப்பு. மூன்றாம் தரப்பு என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, உறவினருக்காகவும் நண்பருக்காகவும் விண்ணப்பிக்கவே அந்த வழி இருக்கிறது. குடும்பப் பெயர், மற்றப் பெயர்கள், பிறந்த திகதி, பிறந்த நாடு, தொழில், கடவுச்சீட்டு எண், வழங்கிய திகதி, முடியும் திகதி, வரும் நாள், எந்த ஊரிலிருந்து புறப்படுகிறார், எந்த விமானம், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி. இவ்வளவுதான். எல்லாம் கையில் இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பிழைகளில் மிகப் பெரும்பங்கு கடவுச்சீட்டு எண்ணில் வருகிறது. அதற்குக் காரணம் வாட்ஸ்அப் படம். பிளாஸ்டிக் உறை மேல் விளக்கு வெளிச்சம் பட்டு எண்ணின் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். எட்டா ‘பி’யா, ஐந்தா ‘எஸ்’ஸா என்று தெரியாது. படத்தைப் பெரிதாக்கி ஊகிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாம் வரியின் முதல் ஒன்பது இடங்கள் கடவுச்சீட்டு எண்ணுக்கு உரியவை. இந்தியக் கடவுச்சீட்டில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமுமாக எட்டு இடம் நிரம்பும். ஒன்பதாம் இடத்தில் அம்புக்குறி நிற்கும். பிரித்தானியக் கடவுச்சீட்டில் ஒன்பதும் இலக்கம்.

இதற்கு அடுத்த பத்தாம் இடத்தில் இன்னோர் இலக்கம் வரும். அது எண்ணின் பகுதி அல்ல, இயந்திரம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் இலக்கம். அதையும் சேர்த்துப் பத்து இலக்கமாக அடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரித்தானியக் கடவுச்சீட்டில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்பதால் அங்கேதான் அதிகம் சறுக்குகிறது. அதே வரியில் தொடர்ந்து மூன்றெழுத்து நாட்டுக் குறி, அதன்பின் பிறந்த திகதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில். 1985 மார்ச் 7 என்றால் 850307 என்று இருக்கும். அதற்குப் பின் மறுபடி ஒரு சரிபார்ப்பு இலக்கம், ஆண் பெண் குறி, முடியும் திகதி. ஒரே வரியை வைத்து மூன்று கட்டங்களைச் சரிபார்த்துவிடலாம். ஜெர்மன் கடவுச்சீட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு: அதன் எண்ணில் ‘ஓ’ என்ற எழுத்து வராது. வட்டமாக எது தெரிந்தாலும் அது பூச்சியம்.

அடுத்தது பெயர். மேல் வரியில் நாட்டுக் குறிக்குப் பின் வருவது குடும்பப் பெயர்; இரட்டை அம்புக்குறி வந்த பிறகு வருவது மற்றப் பெயர்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டுகளில் இது தெளிவாக இருக்கும். நம் பெயர்களுக்குத்தான் சிக்கல். அப்பா பெயர் எது, தன் பெயர் எது, முதலெழுத்தை விரித்து எழுதியதா இல்லையா என்று ஒவ்வொரு கடவுச்சீட்டும் ஒரு மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து வரும் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும். வீட்டில் கூப்பிடும் முறையை வைத்தோ பழைய தோட்டப் பதிவை வைத்தோ பிரிக்காதீர்கள். கடவுச்சீட்டில் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே. கட்டத்தை நிரப்பப் புள்ளியோ கோடோ போடக்கூடாது. விமானச் சீட்டிலும் ஈ.டி.ஏயிலும் பெயர் ஒரே மாதிரி பிரிந்திருந்தால் கவுண்டரில் கேள்வி குறையும். ஆகவே சீட்டு எடுக்கும் முன்னரே இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா வகைக்குள்ளேயே “நண்பர்கள், உறவினர்களைப் பார்க்க” என்ற தெரிவு உண்டு. லயனில் வந்து தங்கப் போகிறவருக்கு அதுதான் சரி. உல்லாசப் பயணம் என்று போட்டுவிட்டு, விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது “சித்தப்பா வீட்டுக்கு” என்று சொன்னால் பெரிய குற்றம் இல்லை. இருந்தாலும் தாளில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக ஏன் இருக்க வேண்டும்?

திருவிழாக் குழுக்கள் கவனிக்க வேண்டியது இது: தமிழ்நாட்டிலிருந்து நாதஸ்வரம், தவில் கலைஞர்களை அழைக்கும் மாரியம்மன் கோயில்கள் மலையகத்தில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குச் சுற்றுலா ஈ.டி.ஏ எடுப்பது தவறு. இசை, நடன, கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்பதும் சமய நிகழ்ச்சிகளில் பங்கேற்பதும் வர்த்தக நோக்க ஈ.டி.ஏயின் கீழ் வருகின்றன. கட்டணம் சற்றுக் கூடுதல்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய், அழைப்பிதழில் அவர் பெயர் அச்சாகியிருக்க, கையில் சுற்றுலா அனுமதியோடு அவரைக் கட்டுநாயக்காவில் நிற்கவைப்பது கலைஞருக்குச் செய்யும் மரியாதை அல்ல. கோயில் நிர்வாகம் அழைப்புக் கடிதம் ஒன்றைக் கடிதத் தலைப்பில் அடித்து, திகதியும் இடமும் போட்டு, முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டும்.

படிவத்தின் கடைசியில் மூன்று கேள்விகள் வரும். இலங்கையில் வதிவிட விசா இருக்கிறதா? இப்போது செல்லுபடியாகும் ஈ.டி.ஏயோடு, அல்லது நீடித்த விசாவோடு, இலங்கையில் இருக்கிறாரா? பலமுறை நுழையும் விசா இருக்கிறதா? முதன்முறை வருகிறவருக்கு மூன்றுக்கும் இல்லை. யோசிக்காமல் ஆம் என்று அழுத்தினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சுற்றுலா ஈ.டி.ஏ இரண்டு முறை நுழையக்கூடியது. வந்த இடத்தில் அவசரமென்று திருச்சிக்கு ஒரு நடை போய்த் திரும்புகிறவர் அந்த 30 நாளுக்குள் திரும்பினால் புதிதாகப் பணம் கட்டி இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சல் கட்டத்தில் யாருடைய முகவரி என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஊரில் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து நிரப்பினால் கடைக்காரர் அவசரத்தில் கடை முகவரியையே போட்டுவிடுவார். அனுமதிக் கடிதமும் அங்கேதான் போய் விழும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் கடை பூட்டிக் கிடக்க, சென்னை விமான நிலையத்தில் இருப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வருகிறவரின் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள், அவருக்கு இல்லையென்றால் உங்களுடையது. விண்ணப்பம் போனதும் திரையில் வரும் குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மின்னஞ்சல் வராவிட்டாலும் அந்த எண்ணையும் கடவுச்சீட்டு எண்ணையும் கொடுத்து நிலவரத்தைத் தளத்திலேயே பார்க்கலாம். மின்னஞ்சலில் தேவையற்றவை போய்ச் சேரும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பாதிக் கடிதங்கள் அங்கேதான் இருக்கும்.

கடைக்காரருக்குக் கூலி கொடுப்பதில் தப்பில்லை. கணனியும் ஆங்கிலமும் பழக்கமில்லாதவருக்கு அவர் செய்வது உதவிதான். ஆனால் பணம் கட்டும் பக்கம் வந்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, அரசுத் தளம்தானா, பெயரும் எண்ணும் சரியா, தொகை எவ்வளவு என்று மூன்றையும் நீங்களே பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் கேட்காமலே திருப்பிக் காட்டுவார்.

பணம் கட்டும் இடம்

இந்தியாவிலிருந்து கட்டுகிறவர்களின் அட்டை இங்கேதான் அதிகமாக மறுக்கப்படுகிறது. தளத்தின் பழுது என்று நினைத்து நாலைந்து முறை அழுத்துவார்கள். பெரும்பாலும் பழுது அட்டையில்: இந்திய வங்கிகள் கொடுக்கும் அட்டையில் வெளிநாட்டுப் பாவனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்து, இணையக் கொள்வனவுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு வந்தால் போகும். பணம் போனதா போகவில்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி கட்டும் முன் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். கட்டிய பணம் திரும்பி வராது. கடவுச்சீட்டு எண்ணைப் பிழையாக அடித்துவிட்டு அனுமதி வந்துவிட்டால் அந்த அனுமதி இல்லாத ஒருவருடையது. புதிதாக விண்ணப்பித்து மறுபடி கட்டுவதுதான் வழி. இந்தச் சேவையில் நமக்குள்ள பெரிய குறை இதுவே. ஓர் எழுத்துக்காக 50 டொலர் என்பது தோட்டத்துக் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். பணம் கட்டும் முன் ஒரு பெரிய சுருக்கப் பக்கத்தில் எண்ணை மறுபடி ஒருமுறை அடிக்கச் சொன்னாலே இந்த நட்டத்தில் பாதி குறையும்.

அனுமதி வழக்கமாக ஒரு நாளுக்குள் வந்துவிடுகிறது, சில மணி நேரத்தில் வருவதும் சாதாரணம். அப்படியிருந்தும் கடைசி நாளுக்கு விடாதீர்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வேன் பேசி, ராத்திரியே புறப்பட்டு, கட்டுநாயக்காவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு, வருகிறவர் சென்னையிலேயே நிறுத்தப்பட்டார் என்ற செய்தி வேன் கூலியோடு போகும் வேதனை அல்ல. இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் இடம் இருந்தாலும் விமான நிறுவனக் கவுண்டர்கள் தாளைக் கேட்பதுண்டு. அச்சடித்த பிரதி ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் இருக்கிறது என்பார்கள்; அது சார்ஜ் இறங்கிக் கிடக்கும்.

இறங்கும்போது

ஈ.டி.ஏ கிடைத்துவிட்டால் உள்ளே விடுவது உறுதி என்று அர்த்தமில்லை. கடவுச்சீட்டு வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பிப் போகும் சீட்டும் செலவுக்குப் பணமும் கேட்கப்படலாம். ஈ.டி.ஏ எடுத்த பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழைய அனுமதி அதோடு போயிற்று, ஏனென்றால் அது ஆளோடு கட்டப்பட்டதல்ல, அந்த எண்ணோடு கட்டப்பட்டது.

வருகை அட்டையை இப்போது இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அந்த அட்டையில் தங்கும் முகவரி கேட்கும்போது நம்மவர்கள் திணறுவது நியாயமானது. பல லயன்களுக்கு இன்றும் வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபிஸ் வழியாக வருகிறது. தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், அதன்பின் தபால் ஊர் என்று எழுதினால் போதும். கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது, “நுவரெலியா” என்று மட்டும் எழுதியும் விடக்கூடாது. அழைத்துப்போக வரும் உறவினரின் தொலைபேசி எண்ணை முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்த்து எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். அதிகாரி கேட்டால் காட்டலாம், சிம் அட்டை வேலை செய்யாவிட்டாலும் யாரிடமாவது கேட்டு அழைக்கலாம்.

30 நாள் கணக்கை விரல் விட்டு எண்ணாதீர்கள். முத்திரை பார்த்து அதன்படி நடவுங்கள். இழவுக்கு வந்து பதினாறாம் நாள் கருமாதி முடித்துப் போகிறவருக்கு 30 நாள் தாராளம். ஐரோப்பாவிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஆறு வாரம் வருகிறவர்களுக்குப் போதாது. நீடிப்பைத் திணைக்களத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாடு நாடாகக் கட்டணம் மாறும். முதல் 30 நாள் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். இணையம் கைகொடுக்காவிட்டால் பத்தரமுல்லையில் திணைக்களம் இருக்கும் சுகுருபாயக் கட்டடத்துக்குப் போக வேண்டும், பண்டாரவளையிலிருந்து அதற்கு முதல் நாளே புறப்பட வேண்டும். மலையகத்துக்கென்று இந்த வேலையைச் செய்யும் ஒரு சாளரம் கண்டியில் இருந்தால் எத்தனை பேருக்கு உதவி. சுற்றுலா நிறைய நடக்கும் மலைநாட்டில் இருந்து ஒரு முத்திரைக்காகத் தலைநகரப் பக்கம் ஓடவைப்பதை நாம் ஏற்கவில்லை.

இங்கேயே பிறந்து பிறநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த சான்றிதழில் நாவலப்பிட்டி என்று இருப்பது ஈ.டி.ஏயிலிருந்து விலக்குத் தராது. இரட்டைக் குடியுரிமை முறைப்படி பெற்று இலங்கைக் கடவுச்சீட்டோடு வருகிறவருக்குத்தான் இது தேவையில்லை. மற்றவர்கள் வெளிநாட்டவர் வரிசையில்தான் நிற்க வேண்டும். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் விதி அப்படி.

மற்ற நாட்டுச் சேவைகளோடு வைத்துப் பார்த்தால்

கனடாவின் ஈ.டி.ஏ 7 கனேடிய டொலர், ஐந்து வருடம் அல்லது கடவுச்சீட்டு முடியும் வரை. படிவம் தெளிவு, பாதியில் சேமித்து வைக்க முடியாது என்பதுதான் குறை. இது பெரும்பாலும் விசா விலக்குள்ள நாட்டவர் விமானத்தில் போவதற்குத்தான். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள தம்பிக்கு அது போதும். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள அப்பாவுக்கு அது கிடைக்காது, அவர் கைரேகை கொடுத்து வருகையாளர் விசாதான் எடுக்க வேண்டும். அப்பா பெயரில் ஈ.டி.ஏ எடுத்துத் தருவதாகச் சொல்லும் தளத்துக்குக் கட்டிய பணம் போனதுதான். கனேடியக் குடியுரிமை உள்ளவருக்கும் ஈ.டி.ஏ இல்லை, கனேடியக் கடவுச்சீட்டோடுதான் விமானம் ஏற வேண்டும்.

பிரித்தானியாவினுடையது 2025 ஏப்ரல் 9இல் 16 பவுண் ஆனது. இரண்டு வருடம், ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் வரை. செயலியில் கடவுச்சீட்டையும் முகத்தையும் தொலைபேசியே படமெடுத்துக்கொள்வதால் எண்ணைத் தவறாக அடிக்கும் பிரச்சினை அங்கே வெகுவாகக் குறைகிறது. இலங்கை எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி, அங்கே பணமும் உண்டு. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளுக்கு அது பொருந்தாது, வழக்கமான விசாதான். அமெரிக்காவின் எஸ்டா 2025 செப்டம்பர் 30இல் 40 டொலர் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயண அனுமதியான எட்டியாஸ் 20 யூரோ; 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்பதே ஒன்றியத்தின் அறிவிப்பு. லண்டனில் இருந்து பாரிஸுக்கு உறவு பார்க்கப் போகும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரிடம் தொடங்காத அனுமதிக்கு முன்பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, கொடுக்க வேண்டாம்.

இங்கிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் எடுக்கும் இ-விசாவின் கடிதத்திலும் ஈ.டி.ஏ என்ற எழுத்துகள் இருக்கும். 2014இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு நாட்டுத் தாளும் ஒரே உறையில் இருந்தால் எது எதற்கு என்று மாறிப்போகிறது. போகும் தாளின் மேல் “இந்தியா” என்றும், வருகிறவரின் தாளின் மேல் “இலங்கை” என்றும் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். தேங்காய் உடைத்து, விபூதி வைத்து வழியனுப்பும் அவசரத்தில் உறை மாறிப் போவது அடிக்கடி நடக்கிறது.